வீட்டை மாற்றிக்கொள்ளலாம், கடன் மாறுமா?



சில மாதங்களாக நாங்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அக்கா, நானும் எங்க நாத்தனாரும் வீட்டை மாத்திக்கலாம்னு இருக்கோம். ரெண்டு வீட்டுலயும் பேங்க் லோன் இருக்கு. மாத்திக்கலாமா?" ஒருவர் நாத்தனார் என்கிறார், இன்னொருவர் அத்தை மகள் என்கிறார், வேறொருவர் ஓரகத்தி என்கிறார். கேள்வி ஒன்றுதான். முன்பு நம் குழுக்களில் சொந்த வீட்டுக்குக் கடன் வாங்கியவர்கள் குறைவு. இப்போது மாதத் தவணை கட்டாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் இந்த இதழில் இதை விரிவாக எழுதுகிறோம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் நல்லது, கணக்கு வரும் இடத்தில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உறுப்பினரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். திண்டுக்கல்லில் அவர் பெயரில் ஒரு சிறிய வீடு, வங்கிக் கடனில் கட்டியது. கணவருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை. ராத்திரியெல்லாம் லோடு ஏற்றிவிட்டு விடியற்காலையில் பஸ் பிடித்து வருவார். நாத்தனாருக்கு ஒட்டன்சத்திரத்தில் சொந்த வீடு, அதுவும் கடன் வீடு. அவர் மகள் திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். "நீ என் வீட்டுக்குப் போ, நான் உன் வீட்டுக்கு வர்றேன். அவங்கவங்க லோனை அவங்கவங்க கட்டிக்குவோம்" என்று ஒரு காதுகுத்து வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் அலைச்சல் குறையும். சாமான் ஏற்ற வண்டி பிடிப்பதுதான் பாக்கி.

வண்டி பிடிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும்.

கடன் ஆளோடு போகும், அடமானம் வீட்டோடு போகும்

வீட்டுக் கடன் வாங்கும்போது நாம் இரண்டு காரியம் செய்கிறோம். முதலாவது, "இவ்வளவு தொகையை நான் திருப்பிக் கட்டுவேன்" என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கடன் நம் மேல் இருக்கிறது. நாம் எந்த ஊருக்குப் போனாலும் நம் பின்னாலேயே வரும். இரண்டாவது, வீட்டின் மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கிறோம். அந்த அடமானம் வீட்டின் மேல் இருக்கிறது. வீட்டில் யார் குடியிருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். பத்திரத்தை ஒப்படைத்ததை சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்திருப்பார்கள். வங்கியில் அதை எம்.ஓ.டி. என்பார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அது தெரியும்.

இப்போது நம் உறுப்பினரும் நாத்தனாரும் வீடு மாறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு திண்டுக்கல் வீட்டுக்குத் தவணை கட்டுகிறார். நாத்தனார் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒட்டன்சத்திரம் வீட்டுக்குக் கட்டுகிறார். அதாவது உறுப்பினரின் தலைக்கு மேல் இருக்கிற கூரை, நாத்தனார் ஒழுங்காகத் தவணை கட்டுவதை நம்பி நிற்கிறது. நாத்தனார் கூரை இவரை நம்பி நிற்கிறது. இவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும், அங்கே தவணை நின்றால் இவர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக் கடன் கணக்கில் சேர்க்கும். அதன் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி கடன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பி 60 நாள் அவகாசம் கொடுக்கலாம். அதற்குள்ளும் கட்டாவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கையைத் தொடங்கலாம். முதல் நோட்டீஸ் கடன்தாரர் பெயருக்குத்தான் வரும். அதாவது நாத்தனார் பெயருக்கு. அவர் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் வீட்டில் குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் வரும்போதுதான் தெரியும். எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. சொந்தத் தவணையை ஒரு மாதமும் தவறவிடாத பெண் அவர். நோட்டீஸ் ஒட்டிய அன்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவர் பட்ட அவமானம் கொஞ்சம் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டுக் கடனோடு பல வங்கிகளில் ஆயுள் காப்பீடும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். கடன்தாரர் இறந்தால் காப்பீட்டு நிறுவனம் மீதிக் கடனைக் கட்டும். வாய்ப்பேச்சில் வீடு மாறிய பிறகு நம் உறுப்பினருக்கு ஏதாவது ஆகிவிட்டால், காப்பீட்டில் கடன் தீர்வது திண்டுக்கல் வீட்டுக்கு. அதில் இருப்பது நாத்தனார் குடும்பம். உறுப்பினரின் பிள்ளைகள் இருப்பதோ நாத்தனாரின் கடன் ஏறிய வீட்டில். சட்டப்படி திண்டுக்கல் வீடு அந்தப் பிள்ளைகளுடையது. ஆனால் அத்தை காலி பண்ண மாட்டேன் என்றால்? நல்ல மனதோடு பேசிய பேச்சு அடுத்த தலைமுறையில் கோர்ட் வாசலில் போய் நிற்கும்.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் போதாதா?

போதாது. வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வதற்கு சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: பரிவர்த்தனை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 118-வது பிரிவு அதைச் சொல்கிறது. விற்பனை எந்த முறையில் நடக்க வேண்டுமோ அதே முறையில்தான் பரிவர்த்தனையும் நடக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வீடு, மனை என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். 20 ரூபாய் பத்திரத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் சாட்சி போட்டாலும் உரிமை மாறாது.

சிலர் "பவர் எழுதிக்கிறோம்" என்கிறார்கள். பவர் பத்திரம் என்பது நமக்காக ஒரு காரியத்தைச் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம், அவ்வளவுதான். அதனால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணமாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது.

பரிவர்த்தனைப் பத்திரத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. மாற்றிக்கொண்ட பிறகு நமக்கு வந்த வீட்டின் உரிமையில் கோளாறு இருந்து, அதனால் அந்த வீடு நம் கையை விட்டுப் போனால், நஷ்ட ஈடு கேட்கலாம். நாம் கொடுத்த வீடு எதிர்த் தரப்பின் கையிலேயே இருந்தால் அதையே திரும்பக் கேட்கலாம். அதே சட்டத்தின் 119-வது பிரிவு இது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால் இந்த உரிமை போய்விடும். அதனால் பத்திர எழுத்தர் எழுதியதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "வழக்கமா எழுதுறதுதான்மா" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

செலவு எவ்வளவு?

பரிவர்த்தனைப் பத்திரத்துக்கு, இரண்டு வீட்டில் எது அதிக மதிப்போ அதற்கு மட்டும் முத்திரைத் தீர்வை போட்டால் போதும். தமிழ்நாட்டில் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023-இல் குறைந்தது. திண்டுக்கல் வீட்டின் மதிப்பு 12 லட்சம், ஒட்டன்சத்திரம் வீட்டின் மதிப்பு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்துக்கு 84,000 ரூபாய் தீர்வை, 24,000 ரூபாய் கட்டணம். மொத்தம் 1,08,000 ரூபாய். இதையே இவர் அவருக்கு விற்று, அவர் இவருக்கு விற்று, இரண்டு விற்பனைப் பத்திரமாகப் போட்டால் 21 லட்சத்துக்கும் கட்ட வேண்டும். அது 1,89,000 ரூபாய் வரும். 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். அதன்படி 9 லட்சம் வீட்டுக்கு 9,000 ரூபாய் குறையும். அப்போதும் 1,80,000 ரூபாய். ஆகவே மாற்றுவது என்று முடிவானால் பரிவர்த்தனைதான் சிக்கனம்.

"குடும்பத்துக்குள்ளதானே, ஒரு பர்சென்ட் போதும்னு சொன்னாங்களே?" என்று கேட்பீர்கள். அது தான செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு உள்ள சலுகை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் போன்று சட்டம் குடும்பம் என்று கணக்கில் எடுப்பவர்களுக்குத்தான் அது. நாத்தனாரும் அத்தை மகளும் நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சலுகை கிடைக்கும் உறவாகவே இருந்தாலும், இரண்டு தனித்தனி செட்டில்மெண்ட் எழுதி வீட்டை மாற்றும் யோசனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. தானம் என்றால் பதிலுக்கு எதுவும் வாங்காமல் கொடுப்பது. இன்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் நாளைக்கு எழுதித் தரவில்லை என்றால் 'நீதானே தானமாகக் கொடுத்தாய்' என்ற பதில்தான் கிடைக்கும்.

மூன்று லட்சமா, ஒரு லட்சமா?

பணம் கட்டுவதைவிட உறவு முறிவது இந்த இடத்தில்தான். ஒரு வீடு 12 லட்சம், இன்னொன்று 9 லட்சம். ஆகவே சின்ன வீட்டுக்காரர் பெரிய வீட்டுக்காரருக்கு 3 லட்சம் தர வேண்டும் என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது எப்போதும் சரியல்ல. யார் எந்தக் கடனைச் சுமக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

திண்டுக்கல் வீட்டுக்கு மீதிக் கடன் 5 லட்சம், ஒட்டன்சத்திரம் வீட்டுக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-இல் 5 போனால் நம் உறுப்பினருக்கு உண்மையில் சொந்தம் 7 லட்சம். 9-இல் 3 போனால் நாத்தனாருக்குச் சொந்தம் 6 லட்சம்.

அவரவர் கடன் அவரவரோடு என்றால்: உறுப்பினருக்கு வருவது 9 லட்சம் வீடு, அவர் கடன் 5 லட்சம், மிச்சம் 4 லட்சம். முன்பு 7 இருந்தது. 3 லட்சம் குறைகிறது. நாத்தனார் அந்த 3 லட்சத்தைத் தர வேண்டும்.

வீட்டோடு இருந்த அளவுக் கடனை வீட்டுக்கு வருபவரே ஏற்றுக்கொள்வது என்றால்: உறுப்பினர் 9 லட்சம் வீட்டையும் 3 லட்சம் கடனையும் ஏற்கிறார், மிச்சம் 6. முன்பு 7. குறைவது 1 லட்சம்தான். நாத்தனார் தர வேண்டியதும் 1 லட்சம்தான்.

வீடுகள் அதேதான், கடனும் அதேதான். பதில் மட்டும் 3 லட்சம், 1 லட்சம் என்று மாறுகிறது. ஒருவர் ஒரு கணக்கையும் மற்றவர் இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு பேசினால் இருவருமே ஏமாந்ததாக நினைப்பார்கள். முதல் நாளே இரண்டு வங்கியிலும் மீதிக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போட்டு, இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து பாருங்கள். இந்த வித்தியாசத் தொகையைக் காசோலையாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோதான் கொடுக்க வேண்டும், பத்திரத்திலும் எழுத வேண்டும். சொத்து விவகாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் உண்டு. வரி என்றதும் இன்னொன்று: அந்தச் சட்டம் பரிவர்த்தனையையும் விற்பனை போலத்தான் பார்க்கிறது. நீங்கள் வாங்கிய விலைக்கும் இன்றைய மதிப்புக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஆடிட்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு என்பதால் விலக்குப் பெற வழி இருக்கும்.

வங்கியில் என்ன சொல்வார்கள்?

வங்கிக்குத் தெரியாமல் செய்ய முடியுமா என்று கேட்காதீர்கள். மூலப் பத்திரம் அவர்கள் பெட்டகத்தில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் அடமானம் ஏறி இருக்கிறது. கடன் ஒப்பந்தத்திலும் வங்கியின் சம்மதம் இல்லாமல் வீட்டைக் கைமாற்றக் கூடாது என்று எழுதியிருக்கும். நம் கையெழுத்தும் அதன் கீழே இருக்கும்.

பஸ்ஸில் சீட்டு மாறி உட்காருவது போல ஒருவர் கடனில் இன்னொருவரை உட்கார வைக்க வங்கிகள் சாதாரணமாகச் சம்மதிப்பதில்லை. வருமானம் வேறு, வயது வேறு, பழைய கடன் கட்டிய வரலாறு வேறு என்பார்கள். நடைமுறையில் நடப்பது இதுதான். நம் உறுப்பினர் ஒட்டன்சத்திரம் வீட்டின் பேரில் புதிதாக ஒரு கடனுக்கு விண்ணப்பிக்கிறார். நாத்தனார் திண்டுக்கல் வீட்டின் பேரில் விண்ணப்பிக்கிறார். புதுக் கடன் பணத்தில் பழைய கடன்கள் முடிக்கப்படும். பத்திரங்கள் வெளியே வரும், பரிவர்த்தனைப் பத்திரம் பதிவாகும், புது அடமானம் ஏறும். சில இடங்களில், கடன் அதே ஆள் பெயரில் இருக்க ஈடு மட்டும் வேறு வீட்டுக்கு மாற மேனேஜர் வழி செய்யலாம். அது முழுக்க அந்த வங்கியின் விருப்பம்.

இதில் ஒரு முடிச்சு விழும். பழைய கடன் தீர்ந்தால்தான் பத்திரம் வரும். பத்திரம் வந்தால்தான் புதுக் கடன் கொடுப்பார்கள். புதுக் கடன் வந்தால்தான் பழைய கடன் தீரும். இரண்டு வீடும் இரண்டு வங்கியில் இருந்தால் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்கள் யோசனை: முதலில் ஒருவர் தன் கடனை மற்றவருடைய வங்கிக்கு 'டேக் ஓவர்' முறையில் மாற்றிக்கொள்ளட்டும். இரண்டு பத்திரமும் ஒரே பெட்டகத்துக்கு வந்த பிறகு பரிவர்த்தனைக்குப் போங்கள். ஒரே மேனேஜர், ஒரே வழக்கறிஞர், ஒரே நாளில் பதிவு. கொஞ்சம் காலம் கூடுதலாக ஆகும், ஆனால் நடுவில் தொங்காது.

பழைய கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் போடுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வட்டி மாறக்கூடிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்ற உத்தரவும் 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு நின்றுவிடாமல், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் தீர்ந்து போன கடன் வில்லங்கச் சான்றில் உயிரோடு நிற்கும்.

புதுக் கடனில் ஒரு பொறி இருக்கிறது. உறுப்பினருக்கு 5 லட்சம் மீதி, இன்னும் 7 வருடம். 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 8,045 ரூபாய். "புதுசா 15 வருஷத்துக்குப் போட்டுக்கங்கம்மா, தவணை குறையும்" என்பார்கள். குறையும்தான், சுமார் 5,070 ரூபாய் ஆகும். ஆனால் 7 வருடத்தில் கட்டும் மொத்த வட்டி சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம், 15 வருடத்தில் சுமார் 4 லட்சத்து 13 ஆயிரம். மாதம் 3,000 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவோம். மீதி எத்தனை வருடமோ அத்தனை வருடத்துக்கே புதுக் கடனையும் கேளுங்கள். வயது 50 தாண்டியவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். வயதைக் காட்டி வருடத்தைக் குறைப்பார்கள், தவணை ஏறிவிடும். போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்திரம் யார் பெயரில்?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வீடு நம் உறுப்பினர் பெயரில் இருந்தது. மாற்றும்போது "அலைச்சல் வேண்டாம், அவர் பெயரிலேயே போட்டுடலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். கடனில் உங்கள் பெயர் இணைக் கடன்தாரராக இருக்கும், தவணையில் பாதி உங்கள் தையல் வருமானத்தில் போகும், பத்திரத்தில் மட்டும் உங்கள் பெயர் இருக்காது. இணைக் கடன்தாரர் என்பதால் வீட்டில் பங்கு வந்துவிடாது. கடன் மட்டும்தான் வரும். உங்கள் பெயரில் இருந்த வீட்டைக் கொடுத்தால், வருகிற வீடும் உங்கள் பெயருக்கே வர வேண்டும். கூட்டாக இருந்தால் கூட்டாக. பத்திரத்தின் நகலை பதிவுக்கு முந்தைய நாளே வாங்கி, பெயர் இருக்கும் வரியைப் பார்த்துவிடுங்கள். நாத்தனாரிடமும் இதையே சொல்லுங்கள், அவரும் ஒரு பெண்தானே.

எல்லா வீட்டையும் மாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வீட்டு வசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கிய வீடு, அரசு மானியத்தில் கட்டிய வீடு, நிபந்தனைப் பட்டா நிலத்தில் உள்ள வீடு என்றால் ஆணையை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட காலம் கைமாற்றக் கூடாது, குடும்பமே குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம்.

எங்கள் கருத்து

நம் உறுப்பினருக்கு நாங்கள் சொன்னது, உடனே சொத்தை மாற்ற வேண்டாம் என்பதுதான். நர்சிங் படிப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் வேலை கிடைக்குமோ? மார்க்கெட் வேலையும் நிரந்தரமில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து மாற்றிவிட்டுத் திரும்ப மாற்ற வேண்டுமென்றால் திரும்பவும் ஒரு லட்சம். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு மாறிப் பாருங்கள். இவர் வீட்டில் நாத்தனார் வாடகைக்கு, நாத்தனார் வீட்டில் இவர் வாடகைக்கு. உரிமை, கடன், காப்பீடு எதுவும் இடம் மாறாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி நகரப் பகுதியில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சொந்தக்காரர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். வாடகையும் பேருக்கு இல்லாமல் உண்மையாகவே வங்கிக் கணக்கில் போகட்டும்.

அப்படி மாறி இருக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இருவரும் தங்கள் கடன் கணக்கின் அறிக்கையை மற்றவரிடம் காட்டிவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். "என்னை நம்பலையா அண்ணி?" என்று கேட்டால், நம் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் பாஸ்புக்கை எல்லோருக்கும் காட்டுகிறோமே, அங்கே யாராவது கோபப்படுகிறோமா என்று கேளுங்கள். ஒட்டன்சத்திரம் வீட்டுத் தவணை நின்றுவிட்டது என்று தெரிந்தால், முதல் மாதமே பேசினால் சரி செய்யலாம். பரிவர்த்தனை முடிந்து வீடு உங்கள் பெயருக்கு வந்த பிறகும் பழைய அடமானம் ஒருவேளை தீராமல் கிடந்தால், அந்தக் கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை வீட்டு உரிமையாளரான உங்களுக்குச் சட்டத்தில் உண்டு. கட்டிய பணத்தைக் கடன்காரரிடம் வசூலிக்கவும் முடியும். ஆனால் அந்த நிலைக்குப் போன பிறகு தீபாவளிக்கு அந்த வீட்டுப் பலகாரம் வருமா என்பது வேறு விஷயம்.

ஒரு வருடம் கழித்தும் இரண்டு குடும்பத்துக்கும் பிடித்திருந்தால் பரிவர்த்தனைக்குப் போங்கள். இரண்டு வீட்டுக்கும் குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம், பிள்ளைகளைப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வீடும் இரண்டு சார்பதிவாளர் எல்லையில் இருந்தால், பதிவுக்குப் பிறகு இரண்டு வில்லங்கச் சான்றிலும் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக இருக்க வேண்டும். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, ரேஷன் கார்டு முகவரி எல்லாம் அதற்குப் பிறகு. பழைய கடனோடு எடுத்த காப்பீட்டில் காலம் மீதி இருந்தால் பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து யாரும் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இரண்டு பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு போகலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கடைசியாக நம் குழு விஷயம். வித்தியாசத் தொகைக்காகக் குழுவில் தொழில் கடன் என்று சொல்லி வாங்காதீர்கள். தொழில் இல்லாமல் தவணை மட்டும் வந்தால் மற்ற உறுப்பினர்கள் தலையில்தான் விழும். ஊர் மாறிப் போகிறவர்கள் உள்கடன் பாக்கியை முடித்து, சேமிப்புக் கணக்கைச் சரிபார்த்து, குழுத் தீர்மானத்தில் எழுதி, பிரதிநிதி கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். புது ஊரில் குழுவில் சேரும்போது அந்தக் கடிதம் உதவும். வீடு மாற்றும் யோசனையில் உள்ளவர்கள் மீதிக் கடன் விவரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். கணக்கை நாங்கள் உடன் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம். முடிந்தால் நாத்தனாரையும் கூட்டி வாருங்கள்.